சக்கரவர்த்தியின் இரண்டாவது கியர்

இனி ஒரு விஷயத்திலாவது தன் முடிவே கடைசி முடிவாக இருக்கவேண்டும் என்று சக்கரவர்த்தி உறுதி எடுத்துக்கொண்டது புடலங்காய்க் கூட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. அவருக்குப் புடலங்காய் பிடிக்காது. கல்யாணமான புதிதில் ஒருமுறை அதைச் சொல்லியும் இருக்கிறார். அருணாதேவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பழகிடும்" என்றாள். பழகிவிட்டது.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம் அவர்கள் வீடு. வாசல் எந்தத் திசை, சுவருக்கு என்ன வண்ணம், மாடிப்படி உள்ளேயா வெளியேயா, எல்லாம் அருணாதேவியின் முடிவு. முடிவெடுத்த பிறகு அவள் தவறாமல் அவரிடம் கருத்துக் கேட்பாள். அந்த வகையில் குறை சொல்ல முடியாது.

இருவரும் ஒரே பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர்கள். அவர் மெக்கானிக்கல், அவள் எலெக்ட்ரிக்கல். காலையில் ஸ்கூட்டரை அவள் ஓட்டுவாள். அவர் பின்னால் டிபன் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து, சாலை விதிகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே வருவார். காலேஜ் கேட்டில் இறங்கியதும் அவர் சார், அவள் மேடம். சாயங்காலம் அதே கேட்டைத் தாண்டியதும் சார் மறுபடியும் 'என்னங்க' ஆகிவிடுவார். இடைப்பட்ட நேரத்தில் மட்டும்தான் அவருக்குச் சக்கரவர்த்தி என்ற பெயர் ஓரளவு பொருந்தும்.

உறுதி எடுத்துக்கொண்டதற்குக் காரணம் புடலங்காய் அல்ல. பிரின்சிபால் ஆதிமூலம் அன்றைக்குத்தான் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்.

செங்கம் சாலையில் உள்ள ஓர் இன்ஜினீயரிங் கல்லூரி ரோபோப் போட்டி நடத்துகிறது. பெயர் தேரோட்டம். மணல் மூட்டை ஏற்றிய சின்னச் சின்னத் தேர்கள். ரிமோட்டால் ஓடும் ரோபோ ஒவ்வொரு தேராகக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போய் நிலையில் சேர்க்கவேண்டும். சேர்த்துவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி ஓடிவந்து அடுத்த தேரைப் பிடிக்கவேண்டும். மணி அடிப்பதற்குள் யார் அதிகத் தேர்களை நிலைக்குக் கொண்டுவருகிறார்களோ அவர்கள் வென்றவர்கள். ஓட்டுவது மாணவராகவும் இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம்.

"ஜெயிச்சா நமக்குப் புதுசா ரோபோ லேப் சாங்ஷன் ஆவும்" என்றார் ஆதிமூலம். "யாரு டிசைன்ல வண்டி ஜெயிக்குதோ அவங்கதான் லேப் இன்சார்ஜ். கதவுல பேர்ப் பலகை வச்சிடலாம்."

பேர்ப் பலகை என்ற சொல் சக்கரவர்த்திக்குள் எங்கோ போய் உட்கார்ந்தது. வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒரு பலகை இருக்கிறது. அதில் அருணாதேவி, எம்.இ. என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே கொஞ்சம் இடம் மிஞ்சியதால் அவர் பெயரும் இருக்கும்.

கூட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு அவர் அறிவித்தார்.

"அருணா, வண்டி ஓடுற சமாச்சாரம் மெக்கானிக்கல். ஒயர் சமாச்சாரம் எலெக்ட்ரிக்கல். கியர் எப்படி இருக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

"சரிங்க" என்றாள் அருணாதேவி. "கூட்ட ஏன் ஒதுக்குறீங்க?"

அவர் கூட்டைச் சாப்பிட்டார். உறுதி கியருக்கு மட்டும்தான்.

அவருடைய யோசனை எளிமையானது. தேரை இழுக்கும்போது வண்டிக்குப் பலம் வேண்டும். திரும்பும்போது வேகம் வேண்டும். ஆகவே இரண்டு கியர். இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே பல் வைத்த ஒரு வளையம். இந்தப் பக்கம் நகர்த்தினால் மெதுவான கியர், அந்தப் பக்கம் நகர்த்தினால் வேகமான கியர். வளையத்தை நகர்த்துவது யார் என்பதுதான் கேள்வி. சர்வோ என்று தீப்பெட்டி அளவில் ஒரு குட்டி மோட்டார் இருக்கிறது, அது நகர்த்தலாம். அல்லது காற்றுச் சிலிண்டர் நகர்த்தலாம்: பாட்டிலில் அடைத்த காற்று, ஒரு வால்வு, பொத்தானை அழுத்தினால் புஸ் என்று ஒரு கம்பி வெளியே வந்து வளையத்தைத் தள்ளும்.

சக்கரவர்த்தியின் மனம் காற்றுச் சிலிண்டரிடம் போய்விட்டது. காரணங்கள் எல்லாம் தொழில்நுட்பக் காரணங்கள். அவற்றில் முதலாவது, அந்தப் புஸ். சொகுசு பஸ்ஸில் டிரைவர் பொத்தானை அழுத்தக் கதவு புஸ் என்று திறக்கும்போதெல்லாம் அவருக்கு அந்த டிரைவர்மேல் மரியாதை வரும். ஒரு விரல் அசைவுக்கு ஒரு பஸ்ஸே பெருமூச்சு விட்டுப் பணிகிறது. அவர் எதைத் தட்டினாலும் பணிந்ததில்லை.

மறுநாள் வரைபடத்தைக் காட்டினார். அருணாதேவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்த்தாள்.

"கியர் மாத்தறதே வேணாமே" என்றாள்.

"என்னது?"

"தேரு ஓடுற தூரமே நம்ம ஹால் மாதிரி ரெண்டு ஹாலு. நீங்க கியர் மாத்தறதுக்குள்ள செவுரு வந்துடும். நல்லா இழுக்கிற மாதிரி ஒரே கியர் போட்டு உட்ருங்க."

"இழுக்க ஒரு கியர், திரும்ப ஒரு கியர். இது அடிப்படை, அருணா. ஒரே கியரு மாட்டுவண்டிக்குத்தான்."

"மாட்டுவண்டி ஊரு போய்ச் சேருதில்ல?"

"இது போட்டி."

"அந்த வளையம் நடுவுல நின்னுட்டா? இந்தப் பக்கமும் இல்லாம அந்தப் பக்கமும் இல்லாம?"

"என் டிசைன்ல நிக்காது."

அருணாதேவி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். மழைக்காலத்தில் துணி காயப்போட அவர் வடிவமைத்த கப்பிக் கொடி அங்கே பாதி உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. போன தீபாவளிக்குப் போட்ட துண்டு இன்னும் அதில் தொங்குகிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. துண்டு காய்ந்துவிட்டது என்பது உண்மை.

அன்றைக்குச் சக்கரவர்த்தி நேர்வழியைக் கைவிட்டார். தன் இல்லற வாழ்க்கையை முழுவதும் ஆராய்ந்ததில் அவருக்கு ஒரு விதி பிடிபட்டிருந்தது. அவர் நீலம் என்றால் வீட்டுக்குப் பச்சை வரும். அவர் பச்சை என்றால் நீலம் வரும். ஆகவே காற்றுச் சிலிண்டர் வேண்டுமென்றால் சர்வோ என்று சொல்லவேண்டும். இத்தனை வருடம் இது தோன்றாமல் போனதற்காக அவர் தன்னையே கொஞ்சம் கடிந்துகொண்டார். பிறகு தன்னையே பாராட்டிக்கொண்டார்.

"யோசிச்சுப் பாத்தேன்" என்றார் காலையில், இட்லிக்கு முன்னால் உட்கார்ந்து. "சர்வோதான் சரி."

"அப்படியா?"

"காத்துன்னா பாட்டிலு, வால்வு, குழாயி. வெயிட் ஜாஸ்தி. சர்வோன்னா கம்மி."

"சரி."

"என்ன சரி?"

"சர்வோவே வச்சிடலாங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இந்த வாக்கியத்துக்காக அவர் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தார். அது இப்போது வந்தது. அவர் பிட்ட இட்லியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

ஒரு பகல் முழுவதும் யோசித்துவிட்டுச் சாயங்காலம் மறுபடி ஆரம்பித்தார்.

"சர்வோல ஒரு சின்னக் குறை இருக்கு, அருணா."

"என்ன குறை?"

"கம்மி."

"கம்மின்னுதான வேணும்னீங்க?"

"அது வெயிட்டு கம்மி. நான் சொல்றது பலம் கம்மி."

"அப்ப என்ன பண்ணலாம்?"

"ஒருவேள காத்தா இருந்தா..."

"காத்தா?"

"நீ சொல்றியேன்னுதான் பாக்கிறேன்."

"நான் எங்க சொன்னேன்?"

"சொல்லுவியோன்னு."

அருணாதேவி டீயை ஆற்றி அவர் முன்னால் வைத்தாள். அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். சரியாக வராத கணக்கை விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறவர்கள் பார்ப்பதுபோல.

"சரி, காத்தே இருக்கட்டும்" என்றாள். "வளையம், ரெண்டு கியரு, உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு. கட்டறது பசங்க, ஒயரிங் நானு. ஓட்டறது நீங்கதான்."

"நானா?"

"யாரு கையில ரிமோட்டக் குடுத்தாலும் செவுத்துல முட்டறாங்க. உங்க கைதான் கோணாம போவுது."

இது உண்மை. சக்கரவர்த்திக்குக் கை நடுங்காது. ஊசியில் நூல் கோப்பதும், கெட்டியான தயிரை அசங்காமல் பஸ்ஸில் கொண்டுவருவதும் அந்த வீட்டில் அவர் பொறுப்புதான். ஆனால் அதை யாரும் திறமை என்று சொன்னதில்லை. அன்றைக்கு அவர் டீயைக் குடித்த விதத்தில் ஒரு நிமிர்வு இருந்தது. ஒரே சாயங்காலத்தில் கியரும் அவருடையது, ஸ்டியரிங்கும் அவருடையது.

வரைபடத்தை இறுதியாண்டு மாணவர்கள் அன்பரசனிடமும் பொன்னியிடமும் ஒப்படைத்தார். சக்கரவர்த்தி மெக்கானிக்கல்காரர்தான், ஆனால் கிரீஸ் அவர் கையில் ஒட்டியதில்லை. வரைவது ஆசிரியர் வேலை, பூட்டுவது மாணவர் வேலை என்பது அவர் கொள்கை.

"ஒரு நூலு கூட மாத்தக் கூடாது."

"மாத்த மாட்டோம் சார்" என்றாள் பொன்னி, மேடத்தைப் பார்த்துக்கொண்டே.

அந்த நேரம் பார்த்து விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு உத்தரவு வந்தது. வேலூர். போகாமல் இருக்க முடியாது. அவர் வேலூர் லாட்ஜிலிருந்து தினமும் பட்டறைக்குப் போன் செய்தார்.

"அன்பு, வளையம் சரியா நவுருதா?"

"புஸ்ஸுனு சத்தம் சூப்பரா வருது சார்."

கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று என்பதை அவர் கவனிக்கவில்லை. நாள் முழுக்க அப்படிப்பட்ட விடைகளைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். பாதி மதிப்பெண் போட்டுப் பழகிய கை.

முகாம் முடிந்து திரும்பிய நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் வந்த எல்லாரும் அண்ணாமலையானை நினைத்துக்கொண்டு இறங்கி நடந்தார்கள். சக்கரவர்த்தி கியரை நினைத்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் பட்டறையில் வண்டி தயாராக நின்றது. நல்ல வண்டி. தட்டையாக, அகலமாக, ஆமை மாதிரி. முதுகில் பெருங்காய டப்பா அளவுக்குக் காற்றுப் பாட்டில். நடுவில் கியர் பெட்டி, மூடி போட்டு முடுக்கியிருந்தது. மூடிமேல் சந்தனம், அதன்மேல் குங்குமம். பெட்டியைச் சுற்றி மஞ்சள் கயிறு, முடிச்சில் ஒரு எலுமிச்சம்பழம்.

"திறங்க, உள்ள பாக்கணும்" என்றார்.

அன்பரசன் பொன்னியைப் பார்த்தான். பொன்னி எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள்.

"பூஜை போட்டாச்சு சார்" என்றாள் அருணாதேவி. கல்லூரியில் அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். "பிரின்சிபால் சாரே தேங்காய் ஒடச்சாரு. கயிறும் அவரு கையால கட்டினதுதான். போட்டி முடியற வரைக்கும் அவுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"இது இன்ஜினீயரிங், மேடம். எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல."

"அத அவர்கிட்டயே சொல்லிடலாமா சார்? ரூம்லதான் இருக்காரு."

சக்கரவர்த்தி யோசித்தார். அறிவியல் கற்றவர் என்ற முறையில் அவருக்குக் கயிற்றில் நம்பிக்கை இல்லைதான். ஆனால் லேப் இன்சார்ஜ் ஆகப்போகிறவர் என்ற முறையில் பிரின்சிபாலிடம் ஆழ்ந்த நம்பிக்கை இருந்தது.

"இருக்கட்டும்" என்றார். "அவுங்க மனசு நோகக் கூடாது."

ரிமோட் அவர் கைக்கு வந்தது. வலது பக்கம் கட்டைவிரலுக்கு வாகாக ஒரு சிவப்புப் பொத்தான். அதன்மேல் கியர் என்று பொன்னி அழகாக எழுதி ஒட்டியிருந்தாள். மணல் மூட்டை வைத்த தேரைக் கொக்கி போட்டு இழுத்தார். வண்டி நிதானமாக, உறுதியாக இழுத்தது. நிலை வந்தது. கொக்கியை விட்டார். பொத்தானை அழுத்தினார். புஸ். வண்டி திரும்பிப் பறந்து வந்தது.

"பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன் சார்."

"என்ன சொன்னீங்க? மாட்டுவண்டின்னீங்க."

"நீங்கதான் சார் சொன்னீங்க."

அன்பரசனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அவன் வெளியே போய்விட்டான். பட்டறையில் தூசி அதிகம் என்று சக்கரவர்த்தி நினைத்துக்கொண்டார்.

அடுத்த சில நாட்கள் அவர் வேறு மனிதராக இருந்தார். நடையில் ஒரு வேகம். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, "இப்ப மூணாவது போடலாம்" என்று கியரே இல்லாத வண்டிக்கு யோசனை சொன்னார். வீட்டில் ஒரு நாள் புடலங்காயை நிஜமாகவே ஒதுக்கிவைத்தார். அருணாதேவி அப்பளம் வைத்தாள். ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாக இருந்தால் கையும் இன்னும் கொஞ்சம் நேராகப் போகிறது என்பதை அவள் பயிற்சியில் கவனித்திருந்தாள்.

போட்டியன்று கல்லூரி அரங்கம் நிறைந்திருந்தது. வண்டியை எடைபோட்டு, பேட்டரி பார்த்து அனுமதி வாங்கும் வேலையை அருணாதேவி முடித்துவிட்டாள். அந்த நேரத்தில் சக்கரவர்த்தி வாசலில் ஒரு நிருபரிடம் கியர் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தார். நிருபர் கேட்டது வாகனம் நிறுத்தும் இடம் எங்கே என்றுதான்.

முதல் சுற்று. இழுத்தார், விட்டார், புஸ், பறந்தார். இரண்டாவது சுற்றும் அப்படியே. வண்டி கோடு போட்ட மாதிரி ஓடியது. சுவரில் முட்டவில்லை, தேரைச் சாய்க்கவில்லை. பிரின்சிபால் ஆதிமூலம் முதல் வரிசையில் நகர்ந்து நகர்ந்து நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

இறுதிச் சுற்றில் எதிரணி, போட்டி நடத்தும் கல்லூரியே. அவர்கள் வண்டியிலும் இரண்டு கியர், சர்வோ. ஆரம்பத்தில் அவர்கள் முந்தினார்கள். இரண்டு தேர் நிலைக்குப் போனது. மூன்றாவது தேரை விட்டுத் திரும்பும்போது அவர்கள் வண்டி நின்றுவிட்டது. மோட்டார் வீல் வீல் என்று கத்துகிறது, சக்கரம் அசையவில்லை. வளையம் இந்தக் கியரிலும் இல்லாமல் அந்தக் கியரிலும் இல்லாமல் நடுவில் நின்றுவிட்டது. ஓட்டியவன் பொத்தானை மறுபடியும் மறுபடியும் அழுத்தினான்.

"சர்வோ" என்றார் சக்கரவர்த்தி, கண்ணைத் தேரிலிருந்து எடுக்காமல். "நான் அப்பவே சொன்னேன்."

"ஆமா சார். ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

புஸ். அடுத்த தேர். புஸ். இன்னொன்று. மணி அடித்தபோது சக்கரவர்த்தி இழுத்த தேர்கள் நிலையில் வரிசையாக நின்றன. பொன்னி அழுதேவிட்டாள். ஆதிமூலம் மேடையேறி வந்து சக்கரவர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க டிசைன் சார், உங்க டிசைன்" என்றார். சக்கரவர்த்தி கதவையும் பலகையையும் அதில் தன் பெயர் மட்டும் தனியாக இருப்பதையும் பார்த்தார்.

நடுவர் புகழேந்தி பக்கத்தில் வந்தார். சென்னையிலிருந்து வந்தவர், அதிகம் பேசாதவர். சட்டைப் பையில் சின்ன டார்ச் லைட்.

"கியர் மாத்தற இடத்துல ஒரு குலுக்கல்கூட இல்லையே சார். எப்படி?"

சக்கரவர்த்தி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். மைக்கைப் பிடித்தவர்கள் பக்கமாகக் கொஞ்சம் திரும்பி நின்றார்.

"சர்வோவா, காத்தான்னு வீட்லயே ஒரு பெரிய விவாதம் நடந்துது சார். ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. கியரே வேணாம்னு சொன்னவங்களும் உண்டு. பேரு சொல்ல விரும்பல. கடைசியில ஒருத்தர் முடிவெடுக்கணும் இல்லையா."

"ரொம்ப நல்லாருக்கு. பெட்டியத் திறந்து காட்ட முடியுமா? ஸ்டூடண்ட்ஸ் பாக்கட்டும்."

"இப்ப வேணாம் சார்" என்றாள் அருணாதேவி. "பூஜை போட்டது."

"போட்டி முடிஞ்சுடுச்சே, மேடம்" என்றார் சக்கரவர்த்தி.

"வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம் சார். வண்டி சூடா இருக்கும்."

"ஆறட்டும், பரவால்ல."

அவள் அவர் காதருகே வந்தாள். கல்லூரியில் முதல்முறையாகச் சாரை விட்டுவிட்டாள். "என்னங்க, சொன்னா கேளுங்க. வேணாம்."

சக்கரவர்த்தி அவளைப் பார்த்தார். கிட்டத்தட்ட கெஞ்சுகிறாள். இத்தனை வருட இல்லறத்தில் இப்படியொரு குரலை அவர் கேட்டதில்லை. இவளால் இந்த வெற்றியைத் தாங்கமுடியவில்லை என்று புரிந்துகொண்டார். கொஞ்சம் பரிதாபமாகவும் இருந்தது. ஆனால் பரிதாபப்பட்டுப் பட்டுத்தானே இந்த நிலைமை.

"இது என் முடிவு" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "திறங்க சார்."

ஆதிமூலமே தன் கையால் கயிற்றை அவிழ்த்தார். அன்பரசன் திருப்புளியை எடுக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். மூடி கழன்றது. புகழேந்தி குனிந்து டார்ச் அடித்தார். மாணவர்கள் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"வளையம் எங்க சார்?"

"இடது பக்கம், உள்ள."

"இடது பக்கம் ஒரே ஒரு ஜோடி பல்சக்கரம்தான் இருக்கு. வலது பக்கமும் அப்படித்தான்." புகழேந்தி இன்னும் குனிந்தார். "கியர் மாத்தற சமாச்சாரமே இல்லையே. அப்புறம் எப்படித் திரும்பறப்ப அந்த வேகம்?"

சக்கரவர்த்தி மைக்கைப் பிடித்தவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"இழுக்கிற பாரம் போனா தானா வேகமா ஓடும் சார்" என்றாள் அருணாதேவி மெதுவாக. "ஒரு கியரு போதும்."

ஆதிமூலம் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், அருணாதேவியைப் பார்த்தார், பிறகு சக்கரவர்த்தியிடம் குலுக்கிய கையை எதற்கோ வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

புகழேந்தியின் டார்ச் பெட்டியின் ஓரத்துக்கு நகர்ந்தது. அங்கே காற்றுச் சிலிண்டர் மட்டும் பளபளவென்று, நாலு திருகாணி போட்டுக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதன் கம்பிக்கு முன்னால் ஒன்றும் இல்லை. ரிமோட் இன்னும் சக்கரவர்த்தியின் கையில்தான் இருந்தது. கட்டைவிரல் பழக்கத்தில் தானாக அழுத்திவிட்டது. புஸ். கம்பி வெளியே வந்து, வெறும் காற்றைக் குத்திவிட்டு, உள்ளே போனது.

"இது எதையும் தள்ளலையே" என்றார் புகழேந்தி. "வண்டிக்கு இது எதுக்கு மேடம்?"

"வண்டிக்கு இல்ல சார்" என்றாள் அருணாதேவி. "டிரைவருக்கு."